பல்லெண்ணியும் மூன்றாவது கியரும்

என் பெரிய தம்பியை எல்லோரும் பல்லெண்ணி என்றுதான் கூப்பிட்டார்கள். பெயரைக் கேட்டுவிட்டுப் பல் வைத்தியர் என்று நினைத்து, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு பட்டறை வாசலில் வந்து நின்ற ஆளும் உண்டு. தம்பி அவரை விரட்டவில்லை. உட்கார வைத்து டீ வாங்கிக் கொடுத்து, "என்கிட்ட இருக்கறதெல்லாம் இரும்புப் பல்லுங்க. உங்க வாய் தாங்காது" என்றான். வந்தவர் வலியை மறந்து சிரித்துவிட்டுப் போனார்.

அவன் எண்ணியது லாரியின் பின் அச்சுக்குள் இருக்கும் பல்லை. பின் டயர்களுக்கு நடுவே பூசணிக்காய் மாதிரி ஒரு இரும்புக் கூடு தொங்குவதைப் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இரண்டு பல்சக்கரங்கள். பெரியது கிரவுன், சின்னது பினியன். எஞ்சின் சுற்றுவதைப் பினியன் வாங்கிக் கிரவுனுக்குக் கொடுக்கும், கிரவுன் டயரைச் சுற்றும். பினியனில் ஆறு பல், கிரவுனில் நாற்பத்தொன்று என்றால், பினியன் ஏறக்குறைய ஏழு சுற்று சுற்றினால்தான் டயர் ஒரு சுற்று சுற்றும். அது இழுவைப் பல். நிதானமாகப் போகும், எந்தச் சுமையையும் இழுக்கும். பினியனில் ஏழு, கிரவுனில் முப்பத்தேழு என்றால் ஐந்தே கால் சுற்றுக்கே டயர் ஒரு சுற்று போய்விடும். அது ஓட்டப் பல். சமதளத்தில் பறக்கும், ஏற்றத்தில் மூச்சு வாங்கும். எந்த லாரிக்கு எந்தப் பல் என்று பார்த்துப் போட்டுக் கொடுப்பதுதான் அவன் பிழைப்பு. நான் நாலாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவள். இதெல்லாம் அவன் சாப்பிடும்போது சொல்லிச் சொல்லியே எனக்குப் பாடமானது.

எங்கள் அம்மாவுக்குப் பிறந்தது ஐந்து, தங்கியது மூன்று. நான் மூத்தவள். என்னைவிட நாலு வயது சின்னவன் பல்லெண்ணி. அவனுக்குப் பிறகு இரண்டு குழந்தைகள் தொட்டிலோடு போய்விட்டன. அதற்குப் பிறகு பிறந்தவன் கடைசித் தம்பி. அவனை நான் சின்னவன் என்றே சொல்லிப் பழகிவிட்டேன். பட்டறை எங்கள் அம்மாவின் தம்பி வைத்திருந்தது. மாமாவுக்குப் பிள்ளை இல்லாததால் அது பல்லெண்ணிக்கு வந்தது. என் வீட்டுக்காரர் போன பிறகு, பட்டறைக்குப் பின்னால் இருந்த இரண்டு அறை வீட்டில் நானும் வந்து சேர்ந்தேன். பல்லெண்ணி கல்யாணமே செய்துகொள்ளவில்லை. ஏண்டா என்று கேட்டால், "இன்னும் எண்ணி முடிக்கலக்கா" என்பான்.

அவன் எண்ணுவதே ஒரு வேடிக்கை. கிரவுனை மடியில் வைத்துக்கொள்வான். ஒரு பல்லில் சாக்கட்டியால் கோடு போடுவான். அதிலிருந்து கட்டை விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே போவான். எண்ணிக்கை முத்திரையில் அடித்திருந்தாலும் அவன் ஒருமுறை எண்ணாமல் பூட்ட மாட்டான். டிரைவர்கள் சுற்றி நின்று, "பதிமூணு! இருபத்தெட்டு! அம்பத்தாறு!" என்று கத்திக் குழப்பப் பார்ப்பார்கள். ஒருவர் அவன் காதருகில் போய்த் தன் மாமியார் வீட்டு போன் நம்பரைச் சொன்னார். இவன் நாற்பத்தொன்று வரைக்கும் போய் நிமிர்ந்து, "உங்க மாமியாரைக் கேட்டதாச் சொல்லுங்க" என்றான். எண்ணிக்கை தவறியதே இல்லை.

இன்னொன்றும் சொல்வான். பினியனில் ஆறு, கிரவுனில் முப்பத்தாறு என்று சரியாக வகுபடுகிற மாதிரி போடக் கூடாதாம். அப்படிப் போட்டால் அதே பல் அதே பல்லையே ஒவ்வொரு சுற்றிலும் கடிக்கும். ஒன்றில் சின்னக் குறை இருந்தாலும் எதிர்ப் பல்லிலும் அதே இடத்தில் குழி விழுந்துவிடும். நாற்பத்தொன்று என்றால் எல்லாப் பல்லும் எல்லாப் பல்லோடும் மாறி மாறிப் பழகும், தேய்மானம் பரவிப்போகும். நான் அப்போது இதைச் சும்மா கேட்டுக்கொண்டேன்.

அந்தப் பட்டறைக்குப் பெயர் வாங்கிக் கொடுத்தது ஒரு பொம்மை லாரி. நிஜ லாரியில் பத்தில் ஒரு பங்கு. பீரோத் தகட்டை வெட்டி கேபின், மேசைக் காலை இழைத்து சேசிஸ் என்கிற அடிச்சட்டம், பித்தளைத் தகட்டை அரத்தால் ராவிச் செய்த பல்சக்கரங்கள். இழுவைப் பல், நடுத்தரம், ஓட்டப் பல் என்று மூன்று ஜோடி வைத்திருந்தான். இரண்டு திருகாணியைக் கழற்றினால் ஜோடியை மாற்றிக்கொள்ளலாம். ஓட்டுவதற்கு ஒரு பழைய வைப்பர் மோட்டார். மழைக்குக் கண்ணாடி துடைக்குமே, அந்த மோட்டார்தான். லாரிக்காரர் வந்து எந்தப் பல் போடலாம் என்று கேட்டால், வாயால் சொல்ல மாட்டான். நீளப் பலகை ஒன்றை எடுப்பான். அவர் போகிற பாதையின் ஏற்றத்துக்குத் தகுந்தபடி ஒரு செங்கல், இரண்டு செங்கல் என்று தலைமாட்டில் முட்டுக் கொடுப்பான். சுமைக்குத் தகுந்தபடி பொம்மையின் முதுகில் போல்ட்டுகளை ஏற்றுவான். ஒவ்வொரு ஜோடியாக மாற்றி ஓட்டிக் காட்டுவான். ஒன்று திணறும், ஒன்று ஏறும். பார்த்தவருக்கே விடை தெரிந்துவிடும். பெரிய பெரிய முதலாளிகள் எல்லாம் பலகையின் முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, குழந்தை மாதிரி கைதட்டியதை நான் பார்த்திருக்கிறேன்.

சின்னவன் லாரி ஓட்டினான். மலை மேலே கல் குவாரி. அங்கிருந்து ஜல்லி ஏற்றிக்கொண்டு பதினோரு வளைவு இறங்கி, பிறகு நேர் ரோட்டில் நெடுந்தூரம் ஓட்டி, ரயில்வே யார்டில் கொட்டிவிட்டுத் திரும்ப வேண்டும். லாரி குவாரி முதலாளியுடையது. சின்னவன் கை அத்தனை நிதானம். மடியில் தண்ணீர்ச் செம்பை வைத்துக்கொண்டு அவன் பக்கத்தில் உட்கார்ந்து போகலாம், சொட்டுச் சிந்தாது.

ஒரு நாள் காலையில் முதலாளியின் சம்மதத்தை வாங்கிக்கொண்டு லாரியோடு பட்டறைக்கு வந்தான். அப்போது அவன் பெண்டாட்டிக்கு ஏழு மாசம்.

"அண்ணே, எனக்கு ஓட்டப் பல்லு போட்டுக் கொடு."

"எதுக்குடா? உன் வண்டிக்கு இருக்கற பல்லே போதும்."

"புது ரோடு போட்டாச்சுல்ல. எல்லாவனும் என்னைத் தாண்டிப் போய் யார்டுல வரிசையில முன்னாடி நிக்கறான். நான் கடைசி ஆளா நின்னு கொட்டிட்டு வீட்டுக்குப் போறதுக்குள்ள இருட்டிடுது. அவ தனியா இருக்கா. பக்கத்து வீட்டுலயும் ஆள் இல்ல."

நான் டீயைக் கொடுத்துக்கொண்டே, "பெண்டாட்டி முகத்தைப் பார்க்கணும்னு நேராச் சொல்லேண்டா. அதுக்கு ரோட்டு மேல ஏன் பழி போடறே?" என்றேன்.

"அக்கா, உனக்குத் தெரியாத ரகசியமா? ரெண்டுந்தான்" என்று சிரித்தான்.

பல்லெண்ணி யோசித்தான். பிறகு பலகையை எடுத்தான். சின்னவன் மலை ஏறும்போது வெறும் வண்டி, இறங்கும்போதுதான் சுமை. அதனால் பொம்மையை வெறுமனே ஏற்றத்தில் விட்டான். ஓட்டப் பல்லிலும் அது முனகாமல் ஏறியது. அப்புறம் போல்ட்டுகளை முதுகு நிறைய ஏற்றி, முகத்தைக் கீழ்ப்பக்கம் திருப்பி, இறக்கத்தில் விட்டான். மோட்டாரை நிறுத்தினான். பொம்மை அசையாமல் நின்றது. மூன்று செங்கலை நாலாக்கினான். அப்போதும் நின்றது.

"பாருடா, பல்லி மாதிரி ஒட்டிக்கிட்டு நிக்குது" என்றான்.

"அப்புறம் என்ன யோசனை? பூட்டு" என்றான் சின்னவன்.

நாற்பத்தொன்றும் ஆறும் வெளியே வந்தன. முப்பத்தேழும் ஏழும் உள்ளே போயின. பல்லெண்ணி எண்ணித்தான் பூட்டினான். மறுநாள் மத்தியானம் சின்னவன் வண்டியை எடுத்துக்கொண்டு போனான். போகும்போது பல்லெண்ணி என்னவெல்லாம் சொன்னான் என்று எனக்கு இன்றைக்கும் நினைவிருக்கிறது. முதல் வாரம் ஆயிலைப் பார், சத்தம் வந்தால் உடனே கொண்டு வா, ஏற்றத்தில் விரட்டாதே. இந்த மூன்றும்தான். வாசல்படியில் நின்று நானும் கேட்டேன்.

சின்னவன் சந்தோஷமாகத்தான் இருந்தான். எட்டு நாள் பொழுது சாய்வதற்கு முன்னால் வீட்டுக்கு வந்தான். ஒன்பதாவது நாள் காலை பத்து மணிக்கு, ஏழாவது வளைவில் வண்டி நிற்கவில்லை. பிரேக் சூடேறிப் புகைந்து பிடிமானம் போய்விட்டது. எதிரே யாரும் வரவில்லை, அதுவே பெரிய காரியம். மண் மேட்டில் மோதிச் சரிந்தது. கேபின் நசுங்கியது. அவனுக்கு வலது மணிக்கட்டு நொறுங்கி, தலையில் அடிபட்டு, மூன்று நாள் கண் திறக்கவில்லை. நாலாவது நாள் எங்களை எல்லாம் அடையாளம் தெரிந்தது. ஆனால் அன்று காலை குவாரி கேட்டைத் தாண்டியதற்கு மேல் எதுவுமே அவன் நினைவில் இல்லை.

லாரியைத் தூக்கப் போனவன் பல்லெண்ணிதான். கயிறும் கடப்பாரையும் எடுத்துக்கொண்டு மற்றவர்களுக்கு முன்னால் போய்விட்டான். அங்கே அவன் பார்த்ததை ஒரு வாரம் கழித்து என்னிடம் மட்டும் சொன்னான். விசாரணைக்கு முந்தின நாள் மத்தியானம். தட்டில் போட்டதைத் தொடவில்லை.

"அக்கா, அவன் மேல தப்பு இல்லக்கா."

"யாரு இருக்குன்னு சொன்னா?"

"எல்லாரும் சொல்றாங்க. டீசலை மிச்சம் பிடிக்க நியூட்ரல்ல விட்டு இறங்கியிருக்கான்னு முதலாளி சொல்றாரு. அப்படி இல்ல. நான் பார்த்தேன். கியர் மூணாவதுல இருந்துச்சு. கம்பி வளைஞ்சு போச்சு, சரி, அதை நம்ப வேண்டாம்னு கியர் பெட்டியோட மேல் மூடியைக் கழட்டி உள்ளயும் பார்த்தேன். மூணாவதுலதான் விழுந்திருந்துச்சு. எப்பவும் அவன் மூணாவதுலதான் இறங்குவான். பழைய பல்லுக்கு அது சரி. எஞ்சினே வண்டியைப் பிடிச்சு நிறுத்தும். இந்தப் பல்லுக்கு மூணாவது பத்தாது. எஞ்சின் பிடிக்காது, எல்லாப் பாரமும் பிரேக் மேல வந்துடும். ரெண்டாவதுல இறங்குடான்னு நான் சொல்லியிருக்கணும். சொல்லல."

"ஏண்டா சொல்லல?"

"பொம்மை நின்னுச்சேக்கா."

பிறகு அங்கே நடந்ததைச் சொன்னான். உடைந்த கண்ணாடியை ஒதுக்குவதற்காக லாரியின் வைப்பர் கையைப் பிடித்துத் தள்ளியிருக்கிறான். அது நகரவில்லை. வைப்பர் மோட்டாரின் அமைப்பு அப்படி. மோட்டார் கையைச் சுற்றும், ஆனால் கையைப் பிடித்துத் தள்ளினால் மோட்டார் சுற்றாது, பூட்டிக்கொள்ளும். அங்கேயே அவனுக்குப் புரிந்துவிட்டது. பொம்மையை இறக்கத்தில் பிடித்து நிறுத்தியது பல் இல்லை, அந்த மோட்டார். எந்தப் பல்லைப் போட்டிருந்தாலும், பல்லே தேய்ந்து போயிருந்தாலும், எவ்வளவு போல்ட்டை ஏற்றியிருந்தாலும் அது அப்படியேதான் நின்றிருக்கும். நிஜ லாரியின் எஞ்சின் அப்படிப் பூட்டிக்கொள்ளாது. ஆயிரம் வைப்பர் மோட்டாரைக் கழற்றிப் பூட்டியவனுக்கு இது தெரியாதா? தெரியும். ஆனால் அவன் கையால் செய்த பொம்மை அல்லவா, அதனிடம் மட்டும் அவன் கேள்வி கேட்கவில்லை.

"நாளைக்குச் சொல்லிடப் போறேன்" என்றான்.

நான் அப்போது சொன்னதை இங்கே எழுதத்தான் வேண்டும். "சொல்லி என்னடா ஆகப் போகுது? அவன் உயிரோட வந்ததே பெரிசு. அவ வயித்துப் பிள்ளையோட நிக்கறா. அவன் கை எப்ப தேறுமோ தெரியல. இப்ப நீயும் பேரைக் கெடுத்துக்கிட்டுப் பட்டறையை மூடிட்டா, ரெண்டு குடும்பத்தையும் யாரு பார்க்கறது? வாயை மூடிக்கிட்டுச் சும்மா இரு. அவன் உடம்பு தேறட்டும், அப்புறம் மெதுவாச் சொல்லிக்கலாம்" என்றேன். எனக்கு அது புத்திசாலித்தனமாகப் பட்டது.

மறுநாள் குவாரி ஆபீசில் காப்பீட்டுக்காரர் கேட்டார், கியர் எதில் இருந்தது என்று. "கேபின் நசுங்கிப் போச்சுங்க. ஒண்ணும் சொல்ற மாதிரி இல்ல" என்றான் பல்லெண்ணி. அவ்வளவுதான். நியூட்ரல் என்று எழுதிவிட்டார்கள். கையில் கட்டோடு நின்ற சின்னவனும், "எனக்கு ஞாபகம் இல்லீங்க. அப்படித்தான் விட்டிருப்பேன் போல" என்று கையெழுத்துப் போட்டான்.

லைசென்ஸை ஒரு வருஷம் நிறுத்தி வைத்தார்கள். வருஷம் முடிந்து திரும்பக் கொடுத்தபோது அவன் போய் வாங்கவில்லை. அதற்குள் அதே ரயில்வே யார்டில் எடை மேடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தான். மற்றவர்களின் லாரி வந்து நிற்கும், அவன் எடையைப் பார்த்துச் சீட்டு எழுதிக் கொடுப்பான். இருபத்திரண்டு வருஷம் அந்த வேலைதான்.

ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் எங்கள் வீட்டில் சாப்பிட வருவான். அண்ணனும் தம்பியும் எதிரெதிரே உட்காருவார்கள். ஒரு கிண்ணத்தை நகர்த்தச் சொன்னால்கூட, "என் கையில கொடுக்காதீங்கப்பா, நியூட்ரல்ல விட்டுடுவேன்" என்பான் சின்னவன். அவன் பெண்டாட்டி சிரிப்பாள், நானும் சிரித்து வைப்பேன். பல்லெண்ணி மட்டும் தட்டைப் பார்ப்பான். அடுத்த ஞாயிறும் அதே வேடிக்கை, அதே தட்டு. அதே பல் அதே பல்லைக் கடிப்பது என்றால் என்னவென்று எனக்கு அங்கேதான் விளங்கியது.

மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று நான் சொன்ன நாள் வரவே இல்லை. கை தேறட்டும் என்றோம். குழந்தை பிறக்கட்டும் என்றோம். குழந்தை பிறந்தது, பெண். வேலையில் நிலைக்கட்டும் என்றோம். அப்புறம் இவ்வளவு நாள் கழித்து எப்படிச் சொல்வது என்றோம். அதற்குப் பிறகு நாங்கள் இருவருமே அதைப் பற்றிப் பேசுவதை விட்டுவிட்டோம். சின்னவன் தன் மகளைச் சைக்கிளில் கூட உட்கார வைத்து மிதிக்கவில்லை. பள்ளிக்கூடத்துக்கு நடத்தித்தான் கூட்டிப்போனான். எங்கள் தெரு சரிவாக இறங்கும். அதில் இறங்கும்போது அவன் சுவரைத் தொட்டுக்கொண்டே நடப்பதை நான் ஜன்னல் வழியாகப் பார்ப்பேன்.

பல்லெண்ணி பொம்மையைப் பரணில் போட்டுவிட்டான். அதற்குப் பிறகு பல் மாற்றிய ஒவ்வொரு லாரியிலும், டிரைவர் கண்ணுக்கு நேரே சிவப்புப் பெயிண்டால் தன் கையாலேயே எழுதினான். இறக்கத்தில் இரண்டாவது. இறக்கத்தில் மூன்றாவது. வண்டிக்குத் தகுந்தபடி எழுதாமல் சாவியைக் கொடுக்க மாட்டான். "இவரை மாதிரி அக்கறையான ஆள் கிடையாது" என்று டிரைவர்கள் ஊர் ஊராகச் சொன்னார்கள். அந்தச் சிவப்பு எழுத்தால் வேலை இரண்டு மடங்கானது. யாராவது முகத்துக்கு எதிரே புகழ்ந்தால் எழுந்து போய்க் கை கழுவுவான். கையில் கறை இருக்காது.

சின்னவன் மகளுக்கு இருபத்திரண்டு வயது. ஒரு புதன்கிழமை என்னைத் தேடி வந்தாள். வாசலில் செருப்பைக்கூடச் சரியாகக் கழற்றவில்லை.

"அத்தை, ஒரு விஷயம். அப்பாகிட்ட சொல்லாம டிரைவிங் கத்துக்கிட்டேன். லைசென்ஸும் வந்துடுச்சு."

"அடிப்பாவி! யாருக்கும் தெரியாமலா?"

"மருந்துக் கம்பெனியில வேன் ஓட்ட எடுத்திருக்காங்க. திங்கக்கிழமை சேரணும். நேத்து அப்பாகிட்ட சொன்னேன். கோபப்பட்டிருந்தாக்கூடச் சண்டை போட்டிருப்பேன். அவர் கெஞ்சறாரு அத்தை. நம்ம ரத்தத்துக்கு ஸ்டீரிங் ஆகாதும்மா, என் கை உனக்கும் வந்திருக்கும்மான்னு." அவள் தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள். "இன்னிக்குக் காலையில பயிற்சி வண்டியில போனேன். பாலத்து இறக்கத்துல கை நடுங்குது. இத்தனை நாள் நடுங்கினதே இல்ல. வேண்டாம்னு எழுதிக் கொடுத்துடலாம்னு பார்க்கறேன்."

பல்லெண்ணி பட்டறைக் கதவருகே டீ டம்ளரோடு நின்றுகொண்டிருந்தான். எவ்வளவு நேரமாக நின்றானோ. "எதையும் எழுதிக் கொடுக்காதே. ஞாயித்துக்கிழமை அப்பாவைக் கூட்டிக்கிட்டு வா" என்றான்.

"பெரியப்பா, நீங்க சொன்னா கேப்பாரா?"

"கேக்கறதுக்கு இல்லம்மா. சொல்றதுக்கு."

அன்றைக்கே பொம்மையைப் பரணிலிருந்து இறக்கினான். வைப்பர் மோட்டாரைக் கழற்றி எறிந்துவிட்டு, கையால் சுற்றினாலும் சுற்றும் சாதா மோட்டார் ஒன்றைப் பூட்டினான். நான் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். "நானும் கூட இருக்கேண்டா. நான்தானே தடுத்தேன்" என்றேன். "உன் பேரை எடுக்க மாட்டேன்க்கா. வாய் என்னோடது" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு முன்னாலேயே பலகை தயாராக இருந்தது. சின்னவன் மகளோடு வந்து பார்த்துவிட்டு, "என்னண்ணே, இந்த வயசுல பொம்மையா? பல்லெண்ணிக்குப் பால் பல்லு முளைக்குதா?" என்றான்.

பல்லெண்ணி சிரிக்கவில்லை. இழுவைப் பல்லைப் பூட்டி, போல்ட்டுகளை ஏற்றி, இறக்கத்தில் விட்டான். பொம்மை மெல்ல மெல்ல இறங்கியது. அப்புறம் ஓட்டப் பல்லைப் பூட்டினான். அதே சுமை, அதே இறக்கம். கையை எடுத்ததும் அது வேகம் பிடித்து ஓடி, பலகையைத் தாண்டித் தரையில் விழுந்து உருண்டது. போல்ட்டுகள் அறை முழுக்கச் சிதறின. ஒன்று சின்னவன் காலருகே வந்து நின்றது.

பல்லெண்ணி எல்லாவற்றையும் சொன்னான். வைப்பர் மோட்டார், மேல் மூடி, சொல்லாமல் விட்ட ரெண்டாவது கியர், ஆபீசில் சொன்ன பதில், எல்லாம். என் பெயரை மட்டும் எடுக்கவில்லை. நானே சொன்னேன்: "நான்தாண்டா சும்மா இருக்கச் சொன்னேன்."

சின்னவன் என்னைப் பார்க்கவே இல்லை. அண்ணனையே பார்த்தான்.

"எதுல இருந்துச்சு?"

"மூணாவதுல."

"நீ உன் கண்ணால பார்த்தியா?"

"ரெண்டு தடவை பார்த்தேன்."

"மூணாவதா." தன் வலது கையைத் தூக்கி, எங்கேயோ ஒரு கம்பியைத் தொடுகிற மாதிரி மெதுவாக நகர்த்தினான். "அப்ப நான் எப்பவும் மாதிரிதான் வந்திருக்கேன். சரியாத்தான் போட்டிருக்கேன்."

"சரியாத்தான் போட்டே."

"வேலை போனதை விடு. யார்டுல எனக்கு நிழல் இருந்துச்சு, நாற்காலி இருந்துச்சு. இருபத்திரண்டு வருஷம் என் கையை நானே நம்பலண்ணே. இவ பிறந்தப்போ தூக்கப் பயந்து, நர்ஸை வெச்சுக்கிட்டுத்தான் தூக்கினேன். தெரியுமா உனக்கு?"

அவன் குனிந்து காலருகே கிடந்த போல்ட்டை எடுத்துப் பலகையில் வைத்தான். "சாப்பிடலாம், வாடா" என்றேன் நான். அதைவிட முட்டாள்தனமாக ஒரு வார்த்தையை அந்த நேரத்தில் யாரும் சொல்லியிருக்க முடியாது. "பசிக்கலக்கா" என்று மகளை அழைத்துக்கொண்டு போனான். ஜன்னல் வழியாகப் பார்த்தேன். சரிவில் இறங்கும்போது சுவரைத் தொடவில்லை.

மகள் திங்கட்கிழமை வேலையில் சேர்ந்தாள். சின்னவன் அடுத்த ஞாயிறு வரவில்லை, அதற்கடுத்த ஞாயிறும் வரவில்லை. நான் ஐந்து தட்டு எடுத்து வைப்பேன், மூன்றைத் திரும்ப அடுக்குவேன். பல்லெண்ணி ஒன்றும் கேட்க மாட்டான். வாசலில் வண்டிச் சத்தம் கேட்டால் மட்டும் மெல்லுவதை நிறுத்துவான். நான் போய்ப் பேசிவிட்டு வரட்டுமா என்று ஒருமுறை கேட்டேன். "வேண்டாம். நாம காக்க வெச்ச அளவுக்கு அவன் நம்மளைக் காக்க வைக்கல இன்னும்" என்றான்.

ஆறாவது ஞாயிறு, தெருவில் ஒரு வெள்ளை வேன் வந்து நின்றது. சின்னவன் மகள் ஓட்டிக்கொண்டு வந்திருந்தாள். பக்கத்து இருக்கையில் சின்னவன். மகள் இறங்கி வந்து, நான் ஒரு பாத்திரத்தில் போட்டுக் கொடுத்ததை வாங்கிக்கொண்டாள். "அப்பா இறங்கலையாம் அத்தை" என்று தாழ்ந்த குரலில் சொன்னாள். நான் வாசலில் நின்று கையசைத்தேன். அவன் தலையை ஆட்டினான். அவ்வளவுதான்.

பல்லெண்ணி பட்டறைக்குள்ளே உட்கார்ந்திருந்தான். கதவு திறந்துதான் இருந்தது. மடியில் ஒரு கிரவுன், கட்டை விரல் பல்லின் மேல். இருபது, இருபத்தொன்று என்று உதடு அசைந்துகொண்டிருந்தது. வேன் கிளம்பிச் சரிவின் தலைக்கு வந்ததும் சின்னவனின் குரல் கேட்டது. மகளிடம் சொன்னான், ஆனால் பட்டறை வரைக்கும் கேட்கிற மாதிரி:

"ரெண்டாவதுல போடும்மா. ரெண்டாவதுல இறங்கு."

வேன் முனகிக்கொண்டே நிதானமாக இறங்கிப் போனது. அந்தச் சத்தம் தெரு முனையில் திரும்பும் வரைக்கும் நான் வாசலிலேயே நின்றேன். உள்ளே வந்தபோது பல்லெண்ணியின் விரல் கிரவுனின் மேல் அப்படியே நின்றிருந்தது. சாக்கட்டிக் கோட்டைத் தேடினான். வியர்வைக் கையில் அது அழிந்துபோயிருந்தது.

"எத்தனையில விட்டேன்க்கா?" என்று என்னைக் கேட்டான்.

எனக்கு எப்படித் தெரியும்? ஒன்றிலிருந்து மறுபடி எண்ணு என்றேன். அவன் எண்ணவில்லை. கிரவுனைத் துணியில் சுற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டான்.

அதற்குப் பிறகு அவன் இருந்தது ஒன்றரை வருஷம். அந்த ஒன்றரை வருஷமும் வேன் ஞாயிற்றுக்கிழமைகளில் வந்து நின்றது. சின்னவன் இறங்கி வீட்டுக்குள் வந்தது, அண்ணனைத் தூக்கிக்கொண்டு போன அன்றைக்குத்தான். தூக்கிய நாலு பேரில் அவனும் ஒருவன், சரிவில் முன் பக்கம் பிடித்துக்கொண்டவன் அவன்தான். "மெதுவா, மெதுவா" என்று மற்றவர்களுக்குச் சொல்லிக்கொண்டே இறங்கினான். அவன் கை நடுங்கவில்லை.